ஆயில் குடிக்கும் என்று முதலிலேயே சொல்லுங்கள்

மஸ்டாவின் ரோட்டரி எஞ்சின் வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு,

இந்த மடலைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. டொரண்டோவிலும் லண்டனிலும் மெல்போர்னிலும் வளர்ந்த நம் பிள்ளைகளில் கார்ப் பித்துப் பிடித்தவர்கள் முதல் சம்பளம் சேர்ந்ததும் தேடத் தொடங்கும் செகண்ட் ஹேண்ட் வண்டிகளில் உங்கள் ஆர்.எக்ஸ்-8-ம் இருக்கும். நான்கு கதவு, நான்கு இருக்கை, நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறும் எஞ்சின், பார்ப்பவர் திரும்பிப் பார்க்கும் உடல்வாகு. விலை மட்டும் அடிமாட்டு விலை. இத்தனை நல்ல வண்டி ஏன் இத்தனை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிறவன் கேட்க வேண்டும். ஆசை கண்ணை மறைப்பதால் கேட்பதில்லை. விற்கிற நீங்களும் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பிள்ளைகள் தமிழ் படிக்காவிட்டாலும் கடனுக்குக் கையெழுத்துப் போடும் அப்பாக்கள் படிப்பார்கள். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். அவர்களும் காதில் வாங்கிக்கொள்ளட்டும்.

வண்டி கைமாறிய பிறகு நடப்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். கடைக்குப் போய் வந்து சாவியைத் திருப்பினால் சூடான எஞ்சின் பிடிக்க மறுக்கும். ஊர் மெக்கானிக் பானட்டைத் திறந்து, பிஸ்டனே இல்லாத எஞ்சினைப் பார்த்துக் கையை விரிப்பார். பிறகு வாங்கியவன் உங்களைப் போன்ற அனுபவசாலி ஒருவரிடம் வருவான். அவர் சொல்லும் பதில்கள் எனக்கு மனப்பாடம். “ஆயில் பார்த்தியா?” “சூடாகறதுக்கு முன்னாடியே மிதிச்சிருப்ப.” “சும்மா உருட்டி உருட்டி ஓட்டினா கார்பன் பிடிக்கத்தானே செய்யும்.” கடைசியாக ஒரு பெருமூச்சோடு, “ரோட்டரி எல்லாருக்கும் சரிவராது தம்பி.”

சொல்வதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவும் அவன் பணம் கொடுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியவை. பிறகு சொல்லும்போது அது குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது: வண்டி நல்ல வண்டி, வாங்கிய நீதான் சரியில்லை. உங்கள் மீது எனக்குள்ள வருத்தம் இது ஒன்றுதான். நீங்கள் கொண்டாடும் மஸ்டாவின் அந்த ஹிரோஷிமாக்காரர்கள், தங்கள் தொழிலின் மிகச் சிறந்த நாட்களில் இப்படிப் பேசவில்லை. குறையை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்கள்.

கம்பெனியின் கதையை நீங்கள் எனக்குச் சொல்லித்தருவீர்கள் என்பது தெரியும். ஆனாலும் நான் அதைப் படிக்கும் விதத்தில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். 1920-ல் ஹிரோஷிமாவில் தொடங்கியபோது அதன் பெயர் டோயோ கார்க் கோக்யோ. தொழில், தக்கை செய்வது. அடுத்த ஆண்டு தலைவரான ஜூஜிரோ மட்சுடா மீனவர் வீட்டுப் பிள்ளை; சிறு வயதில் ஓசாகாவுக்குப் போய்ப் பட்டறைத் தொழில் பழகியவர். 1925-ல் ஆலை தீப்பிடித்தது. 1927-ல் கம்பெனியின் பெயரிலிருந்து தக்கையை எடுத்துவிட்டு இயந்திரத் தொழிலுக்குத் திரும்பினார். 1931-ல் மஸ்டா-கோ வந்தது: முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் சரக்குத் தொட்டி, மொத்தம் மூன்று சக்கரம்.

1945 ஆகஸ்ட் 6 அவருடைய எழுபதாவது பிறந்தநாள். அன்று காலையில் நகரத்துக்குள் முடிவெட்டிக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டதால் உயிர் பிழைத்தார் என்பார்கள். குண்டு விழுந்த இடத்துக்கும் ஆலைக்கும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. நடுவில் ஹிஜியாமா என்ற சிறு குன்று நின்றது. ஆலை தப்பியது. நகரத்தில் நிற்கும் கட்டடம் தேடிய மாவட்ட நிர்வாகம், நீதிமன்றம், வானொலி எல்லாம் அந்த ஆலை வளாகத்துக்குள் குடிவந்தன. ஏறத்தாழ ஓராண்டு அங்கிருந்துதான் ஹிரோஷிமா ஆளப்பட்டது. நான்கே மாதத்தில், 1945 டிசம்பரில், மூன்று சக்கர வண்டி மறுபடி வெளியே வந்தது. இடிபாடுகளை அள்ளவும் அரிசி மூட்டை ஏற்றவும் ஊருக்கு அப்போது அதுதான் தேவைப்பட்டது. விளையாட்டுக் கார் பிரியர்களான நீங்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப்போய்விடுகிறீர்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம். பிழைக்க வேண்டும் என்ற அந்தப் பிடிவாதம்தான் பின்னால் ரோட்டரியாகத் திரும்பி வந்தது.

எப்படி என்றால், 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசு சிறு கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு சேர்த்துவிடத் திட்டம் போட்டது. தனித்து நிற்க வேண்டுமானால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டும். ஜூஜிரோவின் மகன் ட்சுனேஜி மட்சுடா ஜெர்மனிக்குப் போய், ஃபெலிக்ஸ் வான்கெலின் எஞ்சினைச் செய்யும் உரிமையை என்.எஸ்.யு. நிறுவனத்திடமிருந்து 28 கோடி யென்னுக்கு வாங்கிவந்தார். 1961-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1960-ல்தான் தன் முதல் பயணிகள் காரான ஆர்360-ஐ வெளியிட்டிருந்த ஒரு கம்பெனிக்கு இது மலை போன்ற தொகை.

வந்து சேர்ந்த மாதிரி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். மெல்ல ஓடும்போது உடல் நடுங்கியது. வெள்ளைப் புகை கக்கியது. இருநூறு மணி நேரத்தை நெருங்கியதும் சக்தி விழுந்தது. பிரித்துப் பார்த்தால் உள்சுவர் முழுக்க அலையலையாகக் கீறல். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பிசாசின் நகக்கீறல்’. விற்றவர்களிடம் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். சரியாக ஓட்டவில்லை என்று சோதனைக்காரர்களைத் திட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. 1963-ல் கெனிச்சி யாமமோட்டோவின் தலைமையில் 47 பேர் கொண்ட குழு அமைந்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மூன்று சக்கர வண்டிக்குக் கியர்ப்பெட்டி பூட்டும் வரிசையில் நின்று வேலையைத் தொடங்கிய மனிதர் அவர். எஜமானுக்காக உயிர் கொடுத்த 47 சாமுராய்களின் கதையை வைத்துத் தங்களையும் அப்படியே அழைத்துக்கொண்டார்கள். அந்தக் கீறலைத்தான் அவர்கள் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் எஞ்சினின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது என்பதால் இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், அப்பாக்களுக்காக. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ரோட்டரியில், இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவ அறைக்குள் முக்கோணத் துண்டு ஒன்று சுழல்கிறது. அதன் மூன்று பக்கங்களும் வரிசையாக உறிஞ்சி, அழுத்தி, எரித்து, வெளியேற்றுகின்றன. ரோட்டர் ஒருமுறை சுற்றினால் தண்டு மூன்றுமுறை சுற்றும். வால்வு இல்லை, முன்பின் உதறல் இல்லை, எடை குறைவு. எல்லாம் சரி. ஆனால் முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய தகடு இருந்து அறையின் சுவரை உரசியபடியே ஓட வேண்டும். குக்கரின் காஸ்கெட் மாதிரி. அது தேய்ந்தால் எதுவும் வேகாது. அந்தத் தகட்டின் பெயர் ஏபெக்ஸ் சீல். பிசாசின் நகம் அதுதான்.

என்னென்னவோ பொருளில் சீல் செய்து பார்த்தார்கள். மாட்டெலும்பு, குதிரையெலும்பு வரை முயன்றதாக அந்தக் கம்பெனிக்காரர்களே சொல்வார்கள். சீல் ஒரு குறிப்பிட்ட அதிர்வில் துடித்துச் சுவரைக் கொத்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். முனையருகே குறுக்குத் துளைகள் போட்டு அந்தத் துடிப்பை அடக்கினார்கள். கடைசியில் நிப்பான் கார்பன் நிறுவனத்தோடு சேர்ந்து, கார்பனில் அலுமினியம் ஏற்றிய சீல் ஒன்றை உருவாக்கினார்கள். அப்போதும் அவசரப்படவில்லை. 60 முன்மாதிரி வண்டிகளை விற்பனையாளர்களிடம் கொடுத்து, ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்றார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு நூர்புர்க்ரிங்கில் 84 மணி நேர ஓட்டப் போட்டிக்கு இரண்டு காஸ்மோவை அனுப்பினார்கள். ஒன்று வழியில் நின்றது, மற்றொன்று நான்காவதாக வந்தது.

அதே 1967-ல் என்.எஸ்.யு.வும் ரோ 80 என்ற ரோட்டரி காரை விற்கத் தொடங்கியது. அழகான வண்டி. சீல் தேய்ந்து தேய்ந்து, வாரண்டியில் எஞ்சின் மாற்றிக்கொடுத்தே கம்பெனி களைத்துப்போனது. 1969-ல் ஃபோக்ஸ்வாகன் அதை ஆடியோடு சேர்த்துக்கொண்டது. ரோ 80 ஓனர்கள் சாலையில் எதிரெதிரே கடக்கும்போது விரல்களை உயர்த்திக் காட்டிக்கொள்வார்களாம், எத்தனையாவது எஞ்சின் ஓடுகிறது என்று. கதையோ நிஜமோ, எனக்கு அந்த விரல்கள் மேல் பெரிய மரியாதை. வண்டியின் மேல் ஆசையும் போகவில்லை, பொய்யும் சொல்லவில்லை.

மஸ்டா எப்போதுமே யாமமோட்டோவின் குழுவைப்போல நடந்துகொண்டதா என்றால், இல்லை. 1973-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வண்டிகளின் மைலேஜ் கணக்கை வெளியிட்டது. நகரச் சோதனையில் ரோட்டரி மஸ்டா ஒரு காலனுக்கு ஏறத்தாழ 11 மைல்தான் ஓடியது. நம் கணக்கில் லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. கம்பெனி அந்தச் சோதனை முறையோடு மல்லுக்கு நின்றது. ஆனால் ரோட்டரியின் நீளமாய், மெலிதாய், நகர்ந்துகொண்டே இருக்கும் எரியறையில் வெப்பம் சுவருக்குப் போய்விடுகிறது. பெட்ரோல் முழுக்க எரிவதில்லை. சோதனை முறையை மாற்றினால் இது மாறுமா? எண்ணெய் நெருக்கடியும் அதே நேரத்தில் வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் விற்பனை சரிந்தது, விற்காத வண்டிகள் தேங்கின, சுமிடோமோ வங்கி கைகொடுத்துத்தான் கம்பெனி எழுந்தது. ஆலைத் தொழிலாளர்கள் கார் விற்க ஷோரூம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் குறையை ஒப்புக்கொண்டு, எரிபொருள் செலவை 40 சதவீதம் குறைப்பது என்று இலக்கு வைத்து வேலை செய்தார்கள். ‘ஃபீனிக்ஸ் திட்டம்’ என்று பெயர். அதன் பலனைச் சுமந்து 1978-ல் வந்ததுதான் உங்கள் முதல் ஆர்.எக்ஸ்-7.

ஃபோர்டு 1979-ல் மஸ்டாவில் கால்பங்கு வாங்கியது, 1996-ல் மூன்றில் ஒரு பங்காக்கியது, 2008-ல் விற்கத் தொடங்கி ஒதுங்கியது. அதை விரித்து எழுத எனக்கு ஆர்வமில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு இடைக்குறிப்பு: மஸ்டா கார்கள் இந்தியாவில் ஷோரூம் போட்டு விற்கப்பட்டதில்லை. ஆனால் ஸ்வராஜ் மஸ்டா வேனில் பள்ளிக்கூடம் போனவர்களும் கல்யாணத்துக்குப் போனவர்களும் தமிழ்நாட்டில் ஏராளம். 1980-களில் பஞ்சாபில் தொடங்கிய அந்தக் கூட்டு நிறுவனம் பின்னர் இசுசு பக்கம் போய்விட்டது. அந்த வேனிலிருந்தது டீசல் எஞ்சின். ஏபெக்ஸ் சீல் கவலை யாருக்கும் இருந்ததில்லை.

சரி, உங்களுடைய மிகப் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். ரோட்டரியின் உறுதியைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் உடனே 1991 லே மான்ஸ் ஓட்டப் போட்டி வெற்றியை எடுத்து வீசுகிறீர்கள். ஆரஞ்சும் பச்சையுமான 787பி, 55-ம் எண். ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண்ட் கஷோ. 24 மணி நேரத்தில் 362 சுற்று, 4,900 கிலோமீட்டருக்கு மேல். கடைசிச் சுற்றுகளை ஓட்டிய ஹெர்பர்ட் உடலில் நீர்ச்சத்து வற்றிச் சரிந்து, பரிசு மேடைக்கே வர முடியாமல் போனார். அதற்குமுன் எந்த ஜப்பானிய நிறுவனமும் அங்கே வென்றதில்லை. அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு 2018 வரை, டொயோட்டா வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நான்கு ரோட்டர் எஞ்சினின் சத்தத்தைப் பதிவில் கேட்டாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஆனால் அதற்கும் உங்கள் வாசலில் நிற்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்? 787பி-யின் ஏபெக்ஸ் சீல் பீங்கான் வகை. ஒரு ரோட்டருக்கு மூன்று ஸ்பார்க் பிளக். ஒவ்வொரு முறை பிட்டுக்கு வரும்போதும் சுற்றி நின்று பார்த்துக்கொள்ள ஆட்கள். அந்த எஞ்சின் காலை எட்டு மணிக்குக் குளிரில் ஸ்டார்ட் செய்து, பால் வாங்க இருநூறு மீட்டர் போய், நிறுத்திவிட்டு, மறுபடி வீட்டுக்கு வரவில்லை. வென்றது எஞ்சினியர்களின் திறமை. அதைக் காட்டி உங்கள் 2005 மாடல் ஆர்.எக்ஸ்-8-ஐ விற்காதீர்கள்.

ஆர்.எக்ஸ்-8-ன் கதையில் பாடங்கள் நிறைய. 2003-ல் வந்த ஆண்டிலேயே அதன் ரெனிசிஸ் எஞ்சினுக்கு அந்த ஆண்டின் சிறந்த எஞ்சின் என்ற சர்வதேச விருது கிடைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவில், 247 குதிரைத்திறன் என்று சொன்னதை 238 என்று திருத்த வேண்டிவந்தது. வண்டியைத் திருப்பித் தந்தால் பணம், வைத்துக்கொண்டால் இலவசப் பராமரிப்பும் 500 டாலரும் என்றார்கள். தலை குனிந்தாலும் கண்ணியமான முடிவு. பிறகு எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் படுக்கத் தொடங்கியபோது, 2004 முதல் 2008 மாடல் வரை எஞ்சினுக்கு மட்டும் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என நீட்டினார்கள். புதுப்பித்து வந்த அடுத்த மாடலில் ஒவ்வொரு ரோட்டர் அறைக்கும் இரண்டாக இருந்த ஆயில் தெளிப்பானை மூன்றாக்கினார்கள். சீலின் நடுப்பகுதிக்கு முன்பு எண்ணெய் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டுமா? எஞ்சின் படுத்ததற்கு ஓட்டியவன் மட்டுமே காரணம் என்றால், கம்பெனி எதற்காக இந்த மாற்றத்தைச் செய்தது?

இதையெல்லாம் சொல்லும்போது நான் உங்கள் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியை ஓட்டி இறங்கியவனுக்கு மற்ற எஞ்சின்கள் கொஞ்ச நாளைக்குச் சாணை பிடிக்காத கத்தி மாதிரித்தான் தெரியும். அது எனக்கும் தெரியும். எஞ்சின் சிறியது என்பதால் முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைக்க முடிகிறது, எடை முன்னும் பின்னும் சமமாக விழுகிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு தயங்காமல் திரும்புகிறது. இதை அனுபவித்தவர்கள் ஆயில் டப்பாவை டிக்கியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி திரிவதில் வியப்பில்லை. 1991-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஆர்.எக்ஸ்-7-ன் இரட்டை டர்போவுக்குப் போகும் காற்றுக்குழாய்ச் சிக்கலை எலிக் கூடு என்று நீங்களே கேலி செய்கிறீர்கள். அந்த எலிக் கூட்டுக்குள் கைவிட்டு, வெப்பத்தில் காய்ந்து வெடித்த குழாய்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொன்றாக மாற்றுகிறீர்கள். அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு வரும்? கேலியை உங்களுக்குள் வைத்துக்கொள்கிறீர்கள், வெளியாளிடம் மட்டும் பெருமை பேசுகிறீர்கள் என்பதுதான் என் குறை.

உங்கள் பங்காளிகளான எம்.எக்ஸ்-5 ஓனர்களைப் பாருங்கள். 1989-ல் வந்த அந்தச் சின்ன இரண்டு இருக்கை வண்டி 2016-ல் தயாரிப்பு எண்ணிக்கையில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதை வைத்திருப்பவர்களிடம் ஒரு பழைய எம்.எக்ஸ்-5 வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். முதலில் படுத்துக் கீழே பார் என்பார்கள். பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பக்கவாட்டுத் தகட்டைத் தட்டிப் பார். துணிக்கூரையின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருந்தால் உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும். 1989 முதல் 1991 வரையிலான வண்டியா, கிராங்க் ஷாஃப்டின் மூக்கைக் கவனி. இப்படி ஒரு பட்டியலே ஒப்பிப்பார்கள். அதனால் எம்.எக்ஸ்-5-ன் பெயர் கெட்டதா? துருவைத் தெரிந்தே வாங்கியவன் துருவைக் கண்டு கம்பெனியைத் திட்டுவதில்லை, விற்றவனையும் திட்டுவதில்லை. கம்பெனியே 2017-ல் ஜப்பானில் முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் சேவையை அறிவித்து, நின்றுபோன உதிரிபாகங்களை மறுபடி செய்யத் தொடங்கியது.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சாட்சி உண்டு. இது ரோட்டரி வண்டி விவகாரமில்லை. 2013-க்கும் 2017-க்கும் இடையே புது மஸ்டா வாங்கிய ஒன்பது பேர், ஏழு வண்டிகள். ஓரிரு ஆண்டுக்குள் கோளாறுக்கு மேல் கோளாறு. பணத்தையோ வேறு வண்டியையோ கேட்டவர்களிடம், சட்டப்படி அவர்களுக்கு இருந்த உரிமையைப் பற்றி மஸ்டாவின் ஆஸ்திரேலியக் கிளை தவறாகச் சொன்னது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2024-ல் விதித்த அபராதம் 1 கோடியே 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். ஏழு வண்டிக்கு! அதற்கு நான்கு ஆண்டு முன்புதான் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், ஓனர்களைக் கேட்டுத் தயாரிக்கும் நம்பகத்தன்மைப் பட்டியலில் டொயோட்டாவையும் லெக்சஸையும் தாண்டி மஸ்டாவை முதலிடத்தில் வைத்திருந்தது. ஒரே கம்பெனிதான் இரண்டும். வண்டி கெட்டுப்போவதை ஓனர்கள் மன்னிப்பார்கள். கெட்டுப்போகவில்லை என்று சாதிப்பதைத்தான் மன்னிக்கமாட்டார்கள்.

இப்போது இதைப் பேசக் காரணம், ரோட்டரி திரும்ப வந்துகொண்டிருக்கிறது. ஆர்.எக்ஸ்-8 2012-ல் நின்ற பிறகு 11 ஆண்டு ஓய்வு. 2023-ல் எம்.எக்ஸ்-30 மின்காரில் ஒற்றை ரோட்டர் எஞ்சின் ஏறியது. 830 சி.சி.; சக்கரத்தைச் சுற்றாது, பேட்டரிக்கு மின்சாரம் மட்டும் தரும். அதிலே ஏபெக்ஸ் சீலின் கனத்தை 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆக்கியிருக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அதே நகத்தோடுதான் போராட்டம். அந்த ஆண்டே ஐகானிக் எஸ்.பி. என்ற மாதிரிக் காரைக் காட்டினார்கள். 2024 பிப்ரவரியில் 36 பேரை வைத்து ரோட்டரிக்கான குழுவை மறுபடி அமைத்தார்கள். அந்தக் கார் கடைக்கு வருமோ வராதோ, உங்கள் பழைய வண்டிகளின் மேல் புது ஆட்களின் கண் விழத் தொடங்கிவிட்டது. அடுத்த அலை வாங்குகிறவர்களுக்கு ரோட்டரி என்றால் என்ன என்று சொல்லப்போவது கம்பெனியின் விளம்பரமில்லை, நீங்கள்தான்.

ஆகவே விற்கும்போது இவற்றைச் செய்யுங்கள். இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும், கெட்டுப்போனதால் இல்லை, சீல் வழுக்குவதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருந்து பெட்ரோலில் 2டி ஆயில் கலந்த அப்பாக்களுக்கு இது உடனே புரியும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். குளிரில் ஸ்டார்ட் செய்து, நாலடி நகர்த்தி, உடனே நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பெட்ரோல் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், எஞ்சின் மூச்சை இழக்கும். அப்படி ஆகிவிட்டால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். இக்னிஷன் காயில் எப்போது மாற்றியது என்ற ரசீதைக் கொடுங்கள். தேய்ந்த காயில் கேட்டலிடிக் கன்வர்ட்டரை அடைக்கும், அந்த அடைப்பின் சூடு எஞ்சினைத் தின்னும்.

எல்லாவற்றுக்கும் மேல் கம்ப்ரஷன் டெஸ்ட். பிஸ்டன் எஞ்சினுக்கான சாதாரண மீட்டர் இதற்கு உதவாது. ஒவ்வொரு ரோட்டரின் மூன்று பக்கத்தையும் தனித்தனியாக அளக்கும் ரோட்டரி மீட்டர் வேண்டும். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்காது. இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு எடுத்த ஆறு எண்களையும், எத்தனை சுற்றில் எடுத்தது என்பதையும் எழுதி வாங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள். ஆர்.எக்ஸ்-8-க்கு 250 சுற்றில் சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோவுக்குக் கீழே எந்த எண் இருந்தாலும் எஞ்சின் வேலை வந்துவிட்டது என்று பொருள். அதைச் சொல்லி, எஞ்சின் பிரித்துக் கட்டும் செலவைக் கழித்துக்கொண்டு விலை சொல்லுங்கள். எண் கேட்காமலே பணத்தை நீட்டுகிற பையன் வந்தால், பணத்தை வாங்குவதற்கு முன் அந்தத் தாளை அவன் கையில் கொடுத்து, அப்பாவிடம் காட்டிவிட்டு நாளைக்கு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வண்டிகளைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப்போகத் தெரியாத ஒருவன்